13 வருடமாக ஒரே மைக்ராஸ்கோப்: தேய்ந்த ரேக்கைத் திருப்பிப் போட்ட அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். 2012இல் வாங்கிய மைக்ராஸ்கோப்தான் இன்றைக்கும் ஓடுகிறது. லென்ஸில் குறையே இல்லை, பாடாய்ப் படுத்தியதெல்லாம் ஸ்லைடு வைக்கும் மேடையை (ஸ்டேஜ்) தூக்கி இறக்கும் ரேக், அதாவது பல் வெட்டிய சட்டம்தான்.

எட்டாவது வருடம் ஸ்டேஜ் தன் பாரத்திலேயே இறங்க ஆரம்பித்தது. ஃபோகஸ் செய்து செல் எண்ணிக்கொண்டிருக்கும்போதே படம் மங்கும். 40 மடங்கு லென்ஸில் எப்படியோ சமாளிக்கலாம். ஸ்லைடில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு, மலேரியா இல்லை என்று எழுதுமுன் 100 ஃபீல்டாவது (ஒரு பார்வையில் தெரியும் வட்டம் ஒரு ஃபீல்டு) பார்த்தாக வேண்டும், அதில் பாதியில் மங்கினால் என்ன செய்வது? ஸ்டேஜை வேகமாக ஏற்றி இறக்கும் பெரிய குமிழ் (கோர்ஸ்) பக்கம், அது எவ்வளவு இறுக்கமாகச் சுற்ற வேண்டும் என்று வைக்கும் டென்ஷன் வளையத்தை இறுக்கினேன். இறக்கம் நின்றது. ஆனால் ஒரே ஒரு உயரத்தில் மட்டும் குமிழ் கொஞ்சம் வெறுமனே சுற்றிவிட்டு அப்புறம் ஸ்டேஜ் துள்ளியது. நாங்கள் தினமும் பார்க்கிற அதே உயரம்.

டவுன் ரதவீதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். "கிரீஸைக் கழுவாம பல்லைப் பாக்க முடியாது தம்பி" என்றார். ரேக் இருந்த இடத்தில் ஊசியால் கோடு போட்டுக்கொண்டு கழற்றி, பெட்ரோலில் பிரஷ் வைத்துத் தேய்த்தார். பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து கறுப்புச் சாந்து மாதிரி வந்தது. கைலென்ஸில் பார்த்தால் மற்ற பற்கள் நுனி சதுரமாக இருக்க, நடுவைவிட்டு மேலே தள்ளி நாலு பல் மட்டும் ஒரு பக்கம் சரிந்து கத்தி முனைபோல ஆகியிருந்தது. ஸ்லைடு உயரம் மாறாது, அதனால் குமிழோடு சுற்றும் சின்னப் பல்சக்கரம் (பினியன்) வருடக்கணக்கில் அந்த நாலு பல்லிலேயே உரசியிருக்கிறது.

புது ரேக் கிடைக்கவில்லை. திருகுத் துளைகள் இரு பக்கமும் சரிசமமாக இருந்ததால் அண்ணாச்சி ரேக்கையே தலைகீழாகத் திருப்பி மாட்டினார். தேயாத பற்கள் வேலை உயரத்துக்கு வந்துவிட்டன. மூன்று வருடமாகத் துள்ளல் இல்லை.

தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், வழுக்கி ஸ்டேஜ் இறங்கும். கெட்டியான கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் நான் ஒரு சோதனை செய்கிறேன்: ஃபோகஸ் வைத்துவிட்டுத் தொடாமல் பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பேன். மங்கியிருந்தால் வளையத்தைத் தொடுமுன் கழுவுவது என்று வைத்துக்கொண்டேன். நுணுக்கமாக ஃபோகஸ் செய்யும் ஃபைன் குமிழை இதுவரை பிரிக்கவில்லை, அதைத் தெரிந்தவர்தான் பிரிக்க வேண்டும். லென்ஸ் எண்ணெய் ஒழுகி ஸ்டேஜில் ஸ்லைடை நகர்த்தும் குறுக்குச் சட்டம் இப்போது இறுக்கமாக நகர்கிறது, தை பிறந்ததும் அதையும் டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும்.