கருங்கல் பக்கத்துப் பன்றிக் கடை: அடுக்களைக்கும் சரி, வகுப்புக்கும் சரி

கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் ஊரிலிருந்து திங்கள்சந்தை போகிற வழியில், ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கும் சந்தில் இருக்கிறது இந்தக் கடை. போர்டு கிடையாது. ஞாயிறு காலை முதல் பூசை முடிந்ததும் சந்து முனைவரை பைக்குகள் நிற்கும், அதுதான் அடையாளம். நான் கல்லூரியில் நோய் எதிர்ப்பியல் நடத்துகிறேன். அதனால் கறி வாங்கப் போகிறவர்கள் யாரும் கவனிக்காத சில விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கறி. வெண்பன்றி மட்டும்தான், வளர்ப்பும் வீட்டுக்குப் பின்னாலேயே. நெய்யும் (கொழுப்பைத்தான் சொல்கிறேன்) இறைச்சியும் கலந்து கேட்டால் கலந்து தருவார்கள். நெய் வேண்டாமென்றால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள். தோலை வாட்டிச் சுரண்டுவதில் குறை சொல்ல முடியாது, முடி நிற்காது. தேங்காய்க் கொத்தும் நல்லமிளகும் போட்டு வறட்டி, அவித்த மரச்சீனியோடு (மரவள்ளிக் கிழங்கு) வைத்தால் எங்கள் வீட்டில் பேச்சுமூச்சு இருக்காது. விலை மார்த்தாண்டத்தைவிடச் சற்று அதிகம். கொடுக்கலாம்.

இனி வகுப்பு. "மனித நோயை ஆராய ஆய்வகத்தில்தான் எலி இருக்கிறதே, பன்றி எதற்கு?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். பதில் இந்தக் கடையின் வெட்டுப்பலகையில் கிடைக்கும். வெள்ளிக்கிழமையே சொல்லிவைத்தால் கடைக்கார அண்ணன் பன்றித் தலையை நெடுக்காகப் பிளந்து எடுத்துவைப்பார். மேல்வாயின் பின்பகுதியில், எலும்பு முடிந்து மெத்தென்று ஆகும் இடத்தில், சல்லடை மாதிரி பொடிப்பொடித் துளைகள் தெரியும். அதுதான் டான்சில். ஒவ்வொரு துளையும் ஒரு குழி. மூக்கிலும் வாயிலும் நுழையும் கிருமியை எதிர்ப்புச் செல்கள் சந்திக்கிற இடம். நமக்கு டான்சில் உண்டு, பன்றிக்கும் உண்டு, எலிக்குக் கிடையாது. மூக்கடியில் அதற்கு ஈடாக ஒரு சின்னத் திசு இருக்கிறது, அவ்வளவுதான். ஃப்ளூவும் அப்படித்தான். பன்றிக்குத் தானாகவே வந்து காய்ச்சலும் இருமலும் காட்டும். எலிக்கு வரவைக்க, பெரும்பாலும் வைரஸை முதலில் எலியில் பழக்க வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கான மரபணுவை எலியில் முடக்கியபோது மனிதருக்கு வருகிற நுரையீரல் பாதிப்பு சரியாக வரவில்லை. 2008இல் அதே மரபணுவை முடக்கிப் பன்றிக்குட்டிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு வந்தது.

குடலையும் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் எதிர்ப்புத் திசு ஒரே பட்டையாக ஓடும், இளம் பன்றியில் இரண்டு மீட்டர்கூட இருக்கும். குடலைக் கழுவி விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும். குடலோடு ஒட்டிய சவ்வில் இருக்கும் நெறிக்கட்டிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, அண்ணன் அறுத்து வீசிவிடுவார், முன்கூட்டியே சொல்லாவிட்டால் போச்சு. அவற்றை வெட்டி ஸ்லைடு போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை: நம் நிணநீர் முடிச்சில் ஓரத்தில் இருக்கும் பகுதி பன்றியில் நடுவில் இருக்கும், நடுவில் இருப்பது ஓரத்தில். அதனால் "பன்றி அப்படியே மனிதன்தான்" என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் குறைப்பேன்.

பின்னால் இருக்கும் கொட்டிலை அக்கா பார்த்துக்கொள்கிறார். ஒருமுறை ஈன்ற பன்றியைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "சீம்பால் குடிக்காத குட்டி தேறாது டீச்சர். ரெண்டாம் நாள் கழிச்சுக் கொடுத்தும் பிரயோஜனம் இல்ல." இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு முழு வகுப்பு ஆகும். மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொள்கிறது. பன்றியின் நஞ்சுக்கொடியில் அடுக்குகள் அதிகம், எதிர்ப்பொருள் கடக்காது. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும், எதிர்ப்பொருளை உள்ளே விடும் குடலின் கதவும் ஒன்றரை நாளுக்குள் சாத்திக்கொள்ளும். குட்டியின் ரத்தத்தில் எது தாய் கொடுத்தது, எது தானே உண்டாக்கியது என்று பிரித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்கு இதைவிட நல்ல பிராணி கிடைப்பது கஷ்டம்.

நெஞ்சாங்குலை வாங்கும்போது, 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாண்டில் பன்றி இதயத்தை ஒரு மனிதருக்குப் பொருத்தியதைச் சொன்னேன். அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நம்ம கடை நெஞ்சை வச்சா ஒத்துக்குமா டீச்சரே?" ஒத்துக்காது. பன்றிச் செல்லின் மேல் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. நம் குடல் பாக்டீரியாக்களிலும் அது இருப்பதால், அதற்கு எதிரான ஆயுதம் நம் ரத்தத்தில் எப்போதும் தயாராக நிற்கிறது. சாதாரணப் பன்றி உறுப்பை வைத்தால் சில மணி நேரத்திலேயே கறுத்துப்போகும். அந்தப் பன்றிக்குப் பத்து மரபணு மாற்றங்கள் செய்திருந்தார்கள். அப்படியும் நோயாளி இரண்டு மாதம்தான் இருந்தார்; பொருத்திய இதயத்தில் பன்றியின் வைரஸ் ஒன்று இருந்தது பிறகு தெரிந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன், "அப்ப வறுத்துத் தின்னத்தான் லாயக்கு" என்றார்.

குறைகள் உண்டு. ஐஸ் பெட்டி கிடையாது, நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வெயில் ஏறினால் உறுப்புகள் வகுப்புக்கு ஆகாது. கால்நடை மருத்துவர் பார்த்த முத்திரை இல்லை. கொட்டிலில் அடைத்து வளர்ப்பதால் நாடாப்புழு பயம் குறைவுதான், ஆனாலும் நான் இறைச்சியை வெட்டி அரிசி அளவு வெள்ளைக் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். நன்றாக வேகவைப்பதும் கட்டாயம். மாணவர்கள் கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது. கல்லூரிக் கணக்குக்குப் பில் கேட்டால் பழைய காலண்டர் தாளின் பின்னால் எழுதித் தருவார், எங்கள் ஆபீசில் அது செல்லாது. தவக்காலத்தில் கடை பாதி நாள் மூடியிருக்கும். செய்முறைத் தேர்வு மார்ச்சில் வந்தால் முன்னாடியே வாங்கி ஃபார்மலினில் போட்டு வையுங்கள்.