ஃபெதரிங் ப்ரொப்பல்லர் மாட்டப் போகிறீர்களா? டேப்பரில் உட்காரும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பாய்மரப் படகில் பழைய ஃபிக்ஸட் ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ஃபெதரிங் போடலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ப்ரொப்பல்லர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை மாட்டிக் கொடுத்த பட்டறை என்னை ஏமாற்றிவிட்டது.

என்னிடம் இருந்த பழையது மூன்று ப்ளேடு. பாய் விரித்து இன்ஜினை நிறுத்திய பிறகும் அது வேகத்தைத் தின்றுகொண்டே இருக்கும், காற்று குறைவாக இருக்கும் நாளில் நன்றாகவே தெரியும். ஃபெதரிங் வகையில் இன்ஜினை நிறுத்தி, ஷாஃப்ட் (இன்ஜினிலிருந்து ப்ரொப்பல்லருக்குப் போகும் தண்டு) சுற்றாமல் கியரில் போட்டுவிட்டால் ப்ளேடுகள் தாமாகத் திரும்பி, வருகிற தண்ணீருக்கு விளிம்பை மட்டும் காட்டி நின்றுகொள்ளும். ரிவர்ஸ் போட்டால் ப்ளேடே புரண்டுகொள்வதால் பின்னே போவதற்கும் நல்ல பிடிப்பு கிடைக்கும். மடங்குகிற வகையை விட்டு இதை எடுத்தது அதற்காகத்தான், அந்த முடிவில் இன்றும் மாற்றமில்லை.

படகைக் கரையேற்றிய பட்டறையிலேயே ப்ரொப்பல்லரையும் வாங்கினேன். "இன்ஜின், கியர் எல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டு பிட்ச் வெச்சாச்சு, டேப்பரை லேப்பிங் பண்ணி உட்கார வெச்சாச்சு, கவலையே வேண்டாம்" என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர். பிட்ச் என்றால் ப்ளேடு சாய்ந்து நிற்கிற அளவு. டேப்பர் என்றால் ப்ரொப்பல்லர் உட்காரும், கூம்பிப் போகிற ஷாஃப்ட் முனை. லேப்பிங் என்றால் அரைக்கும் பேஸ்ட் தடவித் தேய்த்து இரண்டையும் ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்த வைப்பது. பில்லிலும் லேப்பிங் என்று தனியாக ஒரு வரி இருந்தது. மாட்டும்போது நான் பக்கத்தில் இல்லை, படகு தண்ணீரில் இறங்குகிற அன்றுதான் போனேன்.

முதல் நாளே 3600 ஆர்பிஎம் போக வேண்டிய டீசல் இன்ஜின் 2700-ஐத் தாண்ட மறுத்தது, பின்னால் கரும்புகை வேறு. போன் செய்தால் "புதுசு இல்லையா, ஓட ஓடச் சரியாகிடும்" என்கிறார்கள். பிட்ச் அதிகமானால் இன்ஜின் திணறும், குறைந்தால் சுற்று ஏறும் ஆனால் படகு நகராது, ஓட ஓடச் சரியாக அதில் ஒன்றுமே இல்லை. விடாமல் கேட்டு அவர்களுடைய கணக்குத் தாளை வாங்கினேன். கியர் விகிதம், அதாவது ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது, 2.7 என்று எழுதியிருந்தது. என் கியர்பாக்ஸில் ஒட்டியிருக்கிற தகட்டில் இருப்பது 2.2. அதாவது ஷாஃப்ட் நிஜத்தில் சுற்றுவதைவிட மெதுவாகச் சுற்றும் என்று வைத்துக்கொண்டு பிட்சைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் மூடியைத் திறந்து ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும்.

அப்புறம் அந்தச் சத்தம். முன்னிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டக்' என்று ஒரு இடி. கேட்டதற்கு "ஃபெதரிங்னா அப்படித்தான், ப்ளேடு புரள்ற சத்தம்" என்றார்கள். இது பாதி உண்மை என்பதால்தான் நான் நம்பிவிட்டேன். ப்ளேடு புரண்டு நிற்கும்போது ஒரு சத்தம் வரத்தான் செய்யும், ஆனால் அது நாளுக்கு நாள் கனக்காது. எனக்கு இரண்டே வாரத்தில் காலடித் தளத்தில் உணர்கிற அளவுக்கு வந்துவிட்டது.

வேறொரு பட்டறையில் படகைத் தூக்கி, கழற்றிப் பார்த்தோம். பொதுவாக டேப்பரில் இறுகி உட்கார்ந்த ஹப்பை (ப்ளேடுகளைத் தாங்கும் நடுப்பகுதி) எடுக்க புல்லர் போட்டு முறுக்க வேண்டியிருக்கும். இது நட்டைத் தளர்த்தியதும் கையோடு வந்துவிட்டது. ஹப் ஷாஃப்டில் வழுக்கிச் சுற்றாமல் இருக்க இரண்டின் பள்ளத்திலும் செருகுகிற உலோகக் கட்டைதான் கீ. டேப்பரில் கீக்கு எதிர்ப்பக்கம் மட்டும் பிறை மாதிரி ஒரு பளபளப்பு, மற்ற இடமெல்லாம் பழைய அழுக்கு அப்படியே மங்கலாக. லேப்பிங் பேஸ்ட் அந்தப் பக்கமே வந்ததில்லை. கீயை எடுத்துத் திருப்பினால் மேல்முகம் நசுங்கி இரண்டு கோடு விழுந்திருக்கிறது. பழைய கீ புது ஹப்பின் பள்ளத்துக்கு உயரம் அதிகம், ஹப் டேப்பரில் உட்காராமல் கீயின் முதுகில் ஏறி நின்றிருக்கிறது. அந்த நிலையில்தான் நான் ரிவர்ஸ் போட்டு நெரிசலான துறைகளுக்குள் படகைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த மெக்கானிக் செய்து காட்டியது பத்து நிமிட வேலை, நீங்களும் கேட்டு வாங்குங்கள். கீ இல்லாமல் ஹப்பை டேப்பரில் அழுத்தமாகத் தள்ளி, அதன் முன்விளிம்பு நிற்கிற இடத்தில் ஷாஃப்டில் ஒரு கோடு போடுங்கள். கழற்றி, கீயை வைத்து மறுபடி தள்ளுங்கள். விளிம்பு அதே கோட்டைத் தொட வேண்டும். எனக்கு 2 மில்லிமீட்டர் குறைந்தது. கீயை இழைத்துச் சரிசெய்து, ஒட்டுகிற இடத்தைக் காட்டும் நீல மையான ப்ளூவைத் தடவி, டேப்பர் முழுக்கச் சீராக ஒட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து லேப்பிங் செய்தார். பிட்சில் ஆறு டிகிரி குறைத்ததும் இன்ஜின் 3400 தொட்டது, புகை நின்றது. ஹப்புக்குள் கிரீஸும் பேருக்குத்தான் இருந்தது, நுனியில் மாட்ட வேண்டிய ஜிங்க், அதாவது வெண்கலத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுகிற துத்தநாகத் துண்டு, பெட்டியிலேயே கிடந்தது. அது இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் வெண்கலத்தையே அரிக்க ஆரம்பித்துவிடும்.

முதல் பட்டறைக்குப் படங்களோடு எழுதி, லேப்பிங்குக்கு வாங்கிய பணத்தையாவது திருப்பிக் கேட்டேன். வேறு ஆள் கழற்றிவிட்டதால் இனி தங்களுக்குப் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதனால் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் நட்டில் கை வைப்பதற்கு முன்பே மாட்டிக் கொடுத்தவர்களுக்கு எழுத்தில் தெரிவித்து, வந்து பார்க்கச் சொல்லி ஒரு தேதி கொடுங்கள். அவர்கள் வராவிட்டாலும் நீங்கள் கூப்பிட்டது பதிவாகிவிடும். நான் அதைச் செய்யவில்லை. நசுங்கிய அந்த கீ மட்டும் என்னிடம் இருக்கிறது.