மீட்டரில் 38,000, சர்வீஸ் ரெக்கார்டில் 1,21,000: பழைய ஹேட்ச்பேக் பார்க்கிறவர்கள் கவனத்துக்கு

பழைய ஹேட்ச்பேக் வாங்க ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எனக்கு விற்கப்பட்ட காரின் மீட்டர் 38,000 கிலோமீட்டர் காட்டியது. அதே கார், என் கைக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே, கம்பெனி சர்வீஸில் 1,21,000 என்று பதிவாகியிருக்கிறது. விற்ற யார்டின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. காரின் பெயரும் வேண்டாம். எந்த மாடலிலும் இது நடக்கும்.

ஸ்விஃப்ட், ஜாஸ், போலோ, ஐ20, யாரிஸ் என்று எல்லோரும் போடுகிற பட்டியலைத்தான் நானும் போட்டேன். அது வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். சில கோளாறுகள் மாடலோடு பிறந்தவை. ஃபோர்டு ஃபியஸ்டாவில் வந்த பவர்ஷிஃப்ட் என்ற உலர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் (ஆயிலில் முழுகாத இரண்டு கிளட்ச்களால் தானே கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக்) பற்றி வந்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காக, 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்தக் கம்பெனிக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே கம்பெனியின் 1.0 ஈகோபூஸ்ட் இன்ஜின் பலவற்றில், வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பெல்ட் உதிர்ந்தால் அந்தத் துகள் ஆயில் பம்ப்பின் வாயை அடைக்கும். 2013-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா ஃபிட் ஹைபிரிட், கியர்பாக்ஸ் கோளாறுகளுக்காகத் திரும்பத் திரும்ப ரீகால் ஆனது, அதாவது சரிசெய்துதரக் கம்பெனியே திரும்ப அழைத்தது. தகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக் விவகாரம் இன்னும் பெரியது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் அதை ஊதவைக்க உள்ளே வைத்திருக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள் கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் அடிக்கும். பல கம்பெனிகளின் சின்னக் கார்களும் அந்தப் பட்டியலில் உண்டு. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், மாற்றியாகிவிட்டதா என்று கம்பெனியே சொல்லிவிடும். மாற்றுவதும் இலவசம்.

இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம். யார்டில் நிற்கிற அந்த ஒரு காருக்கு என்ன நடந்தது என்பதை எந்த ரிவ்யூவும் சொல்லாது. என்னை அடித்தது அந்த இடத்தில்தான்.

யார்டில் ஒரே மாடல், ஒரே வருடக் கார்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்று 94,000 காட்டியது. கதவில் கீறல், சீட்டில் கறை, ஏசி போட்டால் ஒரு வாடை. இன்னொன்று 38,000. பளபளவென்று இருந்தது, உள்ளே புது மேட், ஸ்டியரிங்குக்குப் புது உறை. விலை வித்தியாசம் ரொம்பச் சொற்பம். "ரெண்டையும் பாருங்க தம்பி, நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் யார்டுக்காரர். எவ்வளவு கண்ணியமான பேச்சு! எதையும் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. சொல்ல வேண்டியதை அந்த அழுக்குக் கார் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது யோசித்தால், அங்கே நேர்மையான மீட்டரோடு நின்றது அந்த 94,000 காராகத்தான் இருக்கும்.

நான் போனபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "இப்பத்தான் கழுவி இந்தப் பக்கம் எடுத்து நிறுத்தினோம்" என்றார்கள். டெஸ்ட் டிரைவுக்கு அவர்களுடைய ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார். நேரான, காலியான சாலை. ஒரு சிக்னல் கிடையாது, ஒரு மேடு கிடையாது. என் காரில் இருப்பதும் உலர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்தான். அதில் கிளட்ச் தேய்ந்திருந்தால் அது காட்டிக்கொடுப்பது நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், மேட்டில் நின்று கிளம்பும்போதும்தான். நல்ல வேகத்தில் போனால் வெண்ணெய் மாதிரிப் போகும். போனது.

வாங்கிச் சில வாரங்களில், நெரிசலில் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது கார் உதறத் தொடங்கியது. பிறகு ரிவர்ஸ் விழ மறுத்தது. கடைசியில் டாஷ்போர்டில் கியர்பாக்ஸ் விளக்கு. யார்டுக்குப் போன் செய்தால், "புதுசா ஓட்டுறீங்கல்ல தம்பி, பழகிடும்" என்று பதில்.

வெளியே ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. முதலில் குனிந்து பெடலைப் பார்த்தார். பிரேக் பெடலின் ரப்பர் புத்தம் புதிது. "முப்பத்தெட்டாயிரத்துல எவன் சார் பெடல் ரப்பர் மாத்துவான்?" என்று சிரித்தார். ஸ்டியரிங் உறையைக் கழற்றினார். பத்து மணி, இரண்டு மணி இடங்களில் தோல் வழவழவென்று தேய்ந்து, ஒரு பக்கம் உரியத் தொடங்கியிருந்தது.

அப்புறம் டயர். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரமும் வருடமும். 2220 என்றிருந்தால் 2020-ன் 22-வது வாரம். என் காரின் நான்கு டயர்களிலும் ஒரே தேதி, கார் தயாரான வருடத்துக்கு மூன்று வருடம் பிந்தியது. அந்த டயர்களும் பாதிக்கு மேல் தேய்ந்தவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி டயர் ஒரு செட் முழுக்கத் தேய்ந்து போயிருக்கிறது, இரண்டாவது செட்டும் பாதி போயிருக்கிறது. சாதாரணமாக ஒரு செட் டயரே 40,000-க்கு மேல் உழைக்கும். 38,000 ஓடிய காரில் கம்பெனியோடு வந்த டயர்தானே இருக்க வேண்டும்? மீட்டரை மாற்றியவர் டயரில் இருப்பதை அழிக்க முடியவில்லை.

பிறகு ஸ்கேனரைச் செருகினார். ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் ஓபிடி போர்ட் இருக்கும், காரின் கணினியில் பதிவானதைப் படிக்கிற சாக்கெட். அமெரிக்காவில் 1996-லிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் கட்டாயம். இப்போது எல்லா இடங்களிலும் அநேகமாக எல்லாக் கார்களிலும் உண்டு. எர்ரர் கோடு (கோளாறு வந்தால் கணினி பதிகிற குறியீடு) வந்ததை மட்டும்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அவர் இன்னொரு வரியைக் காட்டினார்: எர்ரர் கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம். அந்த எண்ணும், நான் வாங்கியதிலிருந்து ஓட்டிய தூரமும் ஏறக்குறைய ஒன்று. எனக்குச் சாவி தருவதற்குச் சற்று முன்னால்தான் பழைய கோளாறுகளையெல்லாம் துடைத்திருக்கிறார்கள். (சில கார்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இந்த எண் பூஜ்யமாகிவிடும். அதனால் இதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போக முடியாது. ஆனால் "எப்போது, ஏன் அழித்தீர்கள்?" என்று கேட்கலாம்.) மொபைலோடு புளூடூத்தில் இணைகிற சின்ன ஸ்கேனரே போதும். வாங்கும் முன் செருகிப் பாருங்கள். கோடு எதுவும் இல்லை, ஆனால் அழித்த பிறகு ஓடியது வெறும் 6 கிலோமீட்டர் என்று காட்டினால், சுத்தமாகத் தெரிகிற அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பே கிடையாது.

டிஜிட்டல் மீட்டர் வந்தால் திருட்டு நிற்கும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். நடந்தது தலைகீழ். பழைய மீட்டரைக் கழற்றி எண் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், கீறல் விழும். இப்போது மீட்டர் போர்டில் இருக்கும் சிப்பில் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் சரி, பல கார்களில் நிமிட வேலை. அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய் மீட்டரோடு விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே மதிப்பிட்டிருக்கிறது. பெல்ஜியத்தில் கார்-பாஸ் என்ற கிலோமீட்டர் சான்று இல்லாமல் பழைய கார் விற்க முடியாது. பிரிட்டனில் வண்டி எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வருடாந்தரச் சோதனையிலும் பதிவான மீட்டர் அளவு இலவசமாகக் கிடைக்கும். ஜப்பானிலிருந்து இறக்குமதியான காராக இருந்தால் ஏலத் தாளை, அதாவது அங்கே ஏலத்தில் காரின் நிலையைப் பதிந்த தாளைக் கேளுங்கள். கிலோமீட்டர் அதில் இருக்கும், ஆர் என்று தரம் போட்டிருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. இப்படி எதுவும் இல்லாத இடத்தில், கம்பெனி சர்வீஸ் சென்டரின் கணினிதான் ஒரே சாட்சி.

அந்தச் சாட்சியைத் தேடித்தான் நானும் போனேன். சேஸிஸ் எண்ணைத் தட்டியதும் வரிசையாக வந்தது. கடைசி வரியில் 1,21,000, அதோடு "கிளட்ச் மாற்றப் பரிந்துரை, வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்" என்று ஒரு குறிப்பு. முந்தைய உரிமையாளர் செலவைப் பார்த்துவிட்டு விற்றிருக்கிறார். யார்டு வாங்கி, மீட்டரைக் குறைத்து, என் தலையில் கட்டிவிட்டது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனால், தம்பி போய் சார் வந்துவிட்டது. "நாங்களும் ஏமாந்துட்டோம் சார், முன்னாடி ஓனர் பண்ண வேலை." சரி, வாரன்டி கொடுத்தீர்களே? இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், தேய்மான பாகங்கள் சேராது. கிளட்ச் தேய்மான பாகமாம். இந்த வகைக் கியர்பாக்ஸில் பெரிய செலவே அந்தக் கிளட்ச் செட்தான், அதை எடுத்துவிட்டால் வாரன்டியில் மிச்சம் என்ன இருக்கிறது? விற்பனை ஒப்பந்தத்திலோ இன்னும் அழகான ஒரு வரி: மீட்டர் அளவின் துல்லியத்துக்கு விற்பவர் பொறுப்பல்ல. யார்டு கொடுத்த "முழுப் பரிசோதனை" ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் யார்டின் சொந்த மெக்கானிக்.

அந்த வரி இருக்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதை அடித்துவிட்டு, மீட்டர் அளவு இத்தனை, அது சரியானது என்று விற்பவர் கைப்பட எழுதிக் கையெழுத்திடட்டும். நேர்மையாக விற்கிறவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். காரை முதல் நாள் இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள், போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். டெஸ்ட் டிரைவ் வழியை நீங்கள் முடிவு செய்யுங்கள், நெரிசலும் மேடும் இருக்கட்டும். சேஸிஸ் எண்ணை முன்கூட்டியே வாங்கி, சர்வீஸ் ரெக்கார்டைப் பார்த்துவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள். எண்ணைத் தரத் தயங்கினால் அடுத்த காருக்குப் போய்விடுங்கள்.

கிளட்ச் செலவில் பாதியைத் தருவதாக யார்டுக்காரர் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். எழுதித் தரச் சொன்னதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். சர்வீஸ் பிரிண்ட் கையில் இருக்கிறது, மெக்கானிக் ஸ்கேனர் ரிப்போர்ட்டைக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால் 38,000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஆன்லைன் விளம்பரத்தை அவர்கள் விற்ற அன்றே நீக்கிவிட்டார்கள். நல்லவேளையாக, காரைப் பார்க்கப் போகும் முன் வீட்டில் காட்டுவதற்காக அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தேன். புகாரோடு முதல் பக்கமாக இணைத்திருப்பது அதைத்தான். நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு காரின் விளம்பரத்தையும், தேதி தெரிகிற மாதிரி, போவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.