தாம்பரம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி: ஐந்து வருட அனுபவம்

பள்ளிப் பெயர் வேண்டாம். தாம்பரத்தைத் தாண்டி, வயலெல்லாம் வீட்டுமனையாகிவிட்ட ஊர்களில் ஒன்று. 2020 கொரோனா வருடத்தில் மெட்ரிக் பள்ளிக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் மகளைக் கொண்டுபோய் எட்டாம் வகுப்பில் சேர்த்தோம், 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதி முடித்தாள்.

முதலில் கூட்டம். எங்களைப் போலவே வந்தவர்கள் ஏராளம், பள்ளி திறந்தபோது ஆங்கில வழி செக்‌ஷனில் அறுபது பேருக்கு மேல். தமிழ் வழியில் பெஞ்ச் காலி. ஊரில் பாதிப் பேர் பிழைக்க வந்தவர்கள், வாடகை ஏறினால் வீடு மாறுவார்கள், பிள்ளையும் பாதி வருடத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடும்.

ரிசல்ட் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலம் முழுக்க 95.03 சதவீதம், அரசுப் பள்ளிகள் மட்டும் 91.94. எங்கள் பள்ளியும் ஏறக்குறைய அதே அளவுதான். பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் பள்ளி '100% தேர்ச்சி' என்று பேனர் கட்டியிருக்கிறது, ஆனால் அங்கே ஒன்பதாவதில் கணக்கு வராத பையன்களைக் கூப்பிட்டு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அந்தப் பையன்கள் எல்லாம் நேராக எங்கே வந்து சேருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? என் மகள் வகுப்பிலேயே நாலு பேர், அதில் மூன்று பேர் பத்தாவது பாஸ். இந்தக் கணக்கை எந்த பேனரும் சொல்லாது.

இனி குறை. பிளஸ் ஒன்னில் ஃபிசிக்ஸ் டீச்சர் இடமாறுதல் கவுன்சலிங்கில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார், அரையாண்டு வரை அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. கெமிஸ்ட்ரி டீச்சர்தான் ரெண்டையும் இழுத்தார், அப்புறம் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) மூலம் தற்காலிகமாக ஒருவரைப் போட்டார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் தங்கம், காலை எட்டு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ், தினம் ஒரு ஸ்லிப் டெஸ்ட். டாய்லெட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே மாலை வரை இருந்தார்கள், பெற்றோர் கூட்டத்தில் கத்தியும் ரெண்டு வாரம்தான் சுத்தமாக இருந்தது. பிளஸ் ஒன்னில் இலவச சைக்கிள் கிடைத்தது, இன்றும் வீட்டில் ஓடுகிறது.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருடமே இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது, அந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தால் கல்லூரி, ஹாஸ்டல் கட்டணத்தை அரசே கட்டும். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாவதிலிருந்தே கணக்கு. எட்டாவதில் வந்த என் மகளுக்கு ரெண்டும் இல்லை. நல்ல கட்-ஆஃப் வைத்துக்கொண்டு பொதுப் பட்டியலில்தான் நின்றாள்.

சேர்க்கப் போகிறவர்கள் ஹெச்.எம்.மிடம் ரிசல்ட் கேட்பதை விட, பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு எந்தப் பாட டீச்சர் இடம் காலி என்று கேளுங்கள். எங்கள் ஹெச்.எம். மழுப்பாமல் சொன்னார்.

சின்னவனை இந்த ஜூனில் ஆறாவதிலேயே அங்கே சேர்த்துவிட்டேன். டாய்லெட்டுக்காகக் கத்த இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.