ஒன்றேகால் டிகிரி சாய்வு: என் ஸ்விஃப்டில் 31,000 கிலோமீட்டர்

பொங்கலுக்குச் சேலத்து மாமியார் வீட்டுக்குப் போனால், ஒருநாள் விடியற்காலையில் ஏற்காட்டு மலையில் தனியாக ஏறி இறங்குவது என் வழக்கம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் என் 2014 ஸ்விஃப்ட் நேராகப் போகத்தான் துடிக்கும். முன் டயர்கள் கீச்சிடும். அந்த எரிச்சல்தான் 2022 ஜூலையில் என்னைக் கேம்பர் போல்ட்டுகளில் கொண்டுபோய் விட்டது.

வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் அதோடு வெளியே சாய்கிறது. டயரின் முழு அகலமும் தரையில் படாமல், ஓரம் மட்டும் சுமையைத் தாங்குகிறது. முன்கூட்டியே சக்கரத்தின் தலையைச் சற்று உள்ளே சாய்த்து வைத்தால், வளைவில் அது நிமிர்ந்து நிற்கும். இதுதான் நெகட்டிவ் கேம்பர். ஸ்விஃப்டில் இதற்குத் தனித் திருகு கிடையாது. ஷாக் அப்சார்பரையும் சக்கரத்தையும் பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு, ஒருபக்கம் புடைத்த கேம்பர் போல்ட்டைப் போட்டுத் திருக வேண்டும். வேலை அவ்வளவுதான்.

உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூர் ஜே.சி. ரோட்டில் விசாரித்தபோது பலரும் காரைத் தாழ்த்தச் சொன்னார்கள். ஊரின் வேகத்தடைகளை நினைத்தே மறுத்தேன். நல்லவேளை. இந்த வகை முன் சஸ்பென்ஷனில் காரை அதிகமாகத் தாழ்த்தினால், சக்கரத்தின் அடிப்பகுதியைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளி முனை மேல்நோக்கிப் போய்விடும். காரின் எடை மையம் இறங்குவதைவிட, வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருளும் மையம் வேகமாக இறங்கும். குட்டையாகத் தெரியும் கார் வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய்வதற்கும் வாய்ப்புண்டு.

முதலில் வேலை செய்த பட்டறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேம்பரைச் சரியாக வைத்தார்கள், டோவை மறந்தார்கள். மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிறது என்பதே டோ. கேம்பரை நகர்த்தினால் டோவும் தானாக நகரும், கடைசியில் அதைத் திரும்ப வைத்தே ஆகவேண்டும். 6,000 கிலோமீட்டரில் ஒருநாள் டயரைத் தடவிப் பார்த்தேன். உள்ளிருந்து வெளியே வழவழவென்று போன கை, திரும்பும்போது பூனை நாக்கைத் தொட்டதுபோல் உரசியது. இரண்டு சக்கரங்களும் முன்பக்கம் விரிந்து நின்று, சாலையில் தேய்ந்துகொண்டே ஓடியிருக்கின்றன. உள் ஓரம் மொட்டை. டயரைத் தின்பது கேம்பர் என்று எல்லோரும் பழி போடுகிறார்கள்; என் டயர்களைத் தின்றது டோ.

பிறகு மர்ஃபி டவுனில் ஒரு வயதான மேஸ்திரியிடம் போனேன். அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. லோயர் ஆர்முக்கடியில் ஒரு கம்பியை நுழைத்து நெம்பினார். ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் வாயைப் பிளந்தது. "இது ஆடும்வரை நீங்கள் வைக்கிற அளவெல்லாம் கார் நிற்கும்போது மட்டும்தான் சார்" என்றார். புஷ்களை மாற்றியதும் போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் இறுக்கவில்லை. சக்கரங்கள் தரையில் நின்று எடை முழுவதும் இறங்கிய பிறகே முடுக்கினார். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். அதன்பின் முன்சக்கரங்கள் இரண்டிலும் கேம்பர் மைனஸ் 1 டிகிரி 15 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி, ஆக ஒன்றேகால் டிகிரி), டோ சுழியம். இரண்டு புதிய டயர் நீங்கலாகச் செலவு 12,000 ரூபாய்க்குள் முடிந்தது.

அடுத்த பொங்கலில் ஏற்காடு ஏறினேன். கீச்சொலி அடியோடு போகவில்லை. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்பியது. முன்பு இரண்டு தவணையாகத் திருப்பிய வளைவுகளில் ஒரே திருப்பு போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், இதில் பாதிப் பெருமை புதிய புஷ்களுக்குத்தான். பத்து வயதைத் தொடும் காரில் போல்ட் வாங்குவதற்கு முன் ரப்பரைப் பார்க்காதது என் அவசரம். பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உத்திரம் இணைப்பதால் அங்கே திருக எதுவும் இல்லை.

குறையும் உண்டு. ஓசூர் சாலையில் லாரிகள் அழுத்திய பள்ளத் தடங்களில் ஸ்டியரிங் லேசாக இழுக்கிறது; ஒற்றைக் கையால் ஓட்டும் சோம்பல் இனி நடக்காது. என் மனைவிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. "பன்னிரண்டாயிரத்துக்கு என்ன மாறியது?" என்று இன்னமும் கேட்கிறாள்.

மேஸ்திரி போல்ட் தலையிலிருந்து பக்கத்துத் தகடுவரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார். சென்ற மழைக்காலத்தில் கே.ஆர்.புரம் அருகே நீர் நிறைந்த குழியில் வலது சக்கரம் விழுந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடு இரண்டாக முறிந்து, ஒரு நெல்மணி அளவு விலகி நின்றது. மறுநாள் அளந்தபோது அந்தப் பக்கம் மைனஸ் 50 நிமிடம்தான் இருந்தது. திரும்ப வைத்து, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, புதுக் கோடு இழுத்தாயிற்று. இப்போது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அலைன்மென்ட் பார்க்கிறேன். இந்த முன் டயர்கள் 25,000 கிலோமீட்டர் ஓடிவிட்டன. டயரின் பள்ளங்களில் மிஞ்சிய ஆழம் உள் ஓரத்தில் 3.5 மில்லிமீட்டர், வெளி ஓரத்தில் 4.2. மாற்றவேண்டிய 1.6-க்கு இன்னும் ஓர் ஏற்காடாவது மீதி இருக்கிறது.