வாட்டர்டீப், அப்சலோம், ஷார்ன்: எந்தத் துறைமுகத்தில் இறங்கலாம்?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஆட்டம் எங்களுடையது. அடுத்த கேம்பெயினை, அதாவது மாதக்கணக்கில் ஓடும் தொடர்கதையை, எந்தக் கற்பனை உலகத்தில் வைப்பது என்ற சண்டை எங்கள் பினாங்கு ஜார்ஜ் டவுன் கூட்டத்தில் இன்னும் ஓயவில்லை. களத்தில் இருப்பவை மூன்று: வாட்டர்டீப் இருக்கும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், அப்சலோம் இருக்கும் கோலாரியன் (பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டத்தின் உலகம்), ஷார்ன் இருக்கும் எபெரான். கதை நடத்துகிறவன் நான் என்பதால் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு உலகத்திலும் பெரிய துறைமுகம் ஒன்றை எடுத்துக்கொள்வேன். கப்பலில் வந்து இறங்கும் அந்நியன் அங்கே எங்கே தங்குவான், யாரிடம் கடன் வாங்குவான், எந்தச் சாமியைக் கும்பிடுவான், யாரோடு முட்டிக்கொள்வான்? இதற்குப் புத்தகத்தில் பதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். பினாங்கில் வளர்ந்தவனுக்கு வேறு அளவுகோல் தோன்றாது.

ரெல்ம்ஸிலிருந்து தொடங்குகிறேன், குறை சொல்ல அங்கேதான் நிறைய இருக்கிறது. எட் கிரீன்வுட் 1960களில் சிறுவனாக இருந்தபோது தனக்காகக் கட்டத் தொடங்கிய உலகம் அது. அப்போது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் 1987இல் அதை ஆட்டப் பெட்டியாக வெளியிட்டது. வாட்டர்டீப்புக்கென்றே டாவோல் என்று ஒரு பித்தளைக் காசு உண்டு. சதுரமாக இருக்கும், நடுவில் ஓட்டை. ஊருக்குள் இரண்டு பொன் பெறும். வெளியே போனால் அதை யாரும் சீந்தமாட்டார்கள். கையில் மிஞ்சிய டாவோலைக் கப்பல் கிளம்புவதற்குள் மாற்ற வேண்டும் என்று ஆட்டக்காரர்களை அலையவிட்டாலே ஒரு மாலை ஓடிவிடும். துறைமுகம் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்தவர் யோசித்த காசு.

ஆனால் ஊர் முழுக்கப் பெரிய மனிதர்கள். நகரத்தை வெளிப்படையாக ஆள்பவர் லேரல் சில்வர்ஹேண்ட். மந்திரத்துக்கே தெய்வமான மிஸ்ட்ரா தேர்ந்தெடுத்த ஆள். அவருக்குப் பக்கத்தில் பிளாக்ஸ்டாஃப் பட்டம் தாங்கிய மந்திரவாதி. போதாததற்கு எல்மின்ஸ்டர் என்ற கிழட்டு மகா மந்திரவாதி எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பார். எங்கள் கூட்டத்தில் திருடன் வேஷம் கட்டும் தம்பி ஒருமுறை கேட்டான்: “இவ்ளோ பெரிய ஆளுங்க ஊர்லயே இருக்காங்க, நாம எதுக்குண்ணே சாக்கடைக்குள்ள எறங்கணும்?” அவர்கள் எல்லாரும் வேறு வேலையாக இருக்கிறார்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது.

அடுத்த தொல்லை பிரளயங்கள். ஆட்ட விதிகள் மாறும்போதெல்லாம் இந்த உலகம் ஒரு ஆட்டம் காணும். 1989இல் ஆட்ட விதிகளின் இரண்டாம் பதிப்பு வந்தது, அதில் ஆட்டக்காரர் கட்டக்கூடிய வேஷங்களில் கொலையாளி இல்லை. உடனே கதையில் பேன் என்ற தெய்வம் ரெல்ம்ஸின் கொலையாளிகள் அத்தனை பேரையும் காவு வாங்கிவிட்டது. சிரிக்கலாம், ஆனால் அச்சில் இருக்கிறது. 2008இல் மிஸ்ட்ராவைக் கொன்று, மந்திரக் கொள்ளை நோயைக் கிளப்பி, காலத்தை ஏறக்குறைய நூறு ஆண்டு தள்ளிவிட்டார்கள். மாஸ்டிகா என்ற கண்டத்தையே தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தார்கள். அப்புறம் ஐந்தாம் பதிப்புக்காகப் பெரும்பாலானதைப் பழையபடி திருப்பினார்கள். பழைய பெட்டியை வைத்து ஆடுகிறவனும் புதிய புத்தகம் வாங்கியவனும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பாதி நேரம் எந்த ராஜா உயிரோடு இருக்கிறார் என்பதிலேயே போகும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிய குறை, ஓரத்தில் தைத்த கண்டங்கள். 1985இல் தனியாக வந்த காராத்தூரை 1988இல் ரெல்ம்ஸோடு ஒட்டினார்கள். அது சீனமும் ஜப்பானும். 1991இல் மாஸ்டிகா, ஸ்பானியர் அமெரிக்காவைப் பிடித்த கதை, வேறு பெயர்களில். 1992இல் அரபுக் கதைகளுக்கு சக்காரா. நம் பக்கத்து ஆட்களுக்குத் தெற்கே தூர்பாரும் எஸ்டகண்டும்: வணிகர் ஆட்சி, ராஜா. ஒட்டியதில் எனக்கு வருத்தமில்லை. ஒட்டியவை ஒன்றையொன்று தொடவே இல்லை என்பதுதான் வருத்தம். தூர்பார் வியாபாரி ஒருவன் வாட்டர்டீப்பில் எந்தச் சந்தில் வீடு பிடிப்பான், அவன் திருவிழா எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்வான்? நான் புரட்டிய பக்கங்களில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. இங்கே தைப்பூசத்துக்கு ரதம் வரும் வழியில் சீனர்கள் மலைபோலத் தேங்காய் குவித்து உடைக்கிறார்கள். பிட் ஸ்ட்ரீட் பக்கம் தேவாலயம், சீனக் கோயில், மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் கூப்பிடு தூரத்தில். பக்கத்தில் இருந்தால் ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஏறத்தான் செய்யும்.

கோலாரியனில் அக்கம்பக்கம் இன்னும் நெருக்கம், வாசனை இன்னும் குறைவு. தலை வெட்டும் இயந்திரங்களோடு ஓயாத புரட்சி நடந்த கால்ட் ஒரு நாடு. ரஷ்ய நாட்டுப்புறக் கதைச் சூனியக்காரி பாபா யாகாவின் மகள்கள் வரிசையாக ஆண்ட, பனி விலகாத இரிசன் இன்னொன்று. நுமேரியாவில் வானத்திலிருந்து விழுந்த விண்கலமும் அதன் எந்திர மனிதர்களும். அந்தக் கருவிகள் ஏன் பக்கத்து நாட்டுப் படைகளிடம் இல்லை என்றால், டெக்னிக் லீக் என்ற கூட்டம் பதுக்கிவைத்திருந்தது என்று காரணம் சொல்வார்கள். சரி, கடத்தல்காரன் என்று ஒருவன் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லையா? அப்சலோம் பெருநகரம்தான். கடலடியிலிருந்து எழுந்த விண்மீன் கல், அதன் சோதனையில் தேறினால் தெய்வமாகலாம், கேடன் கெய்லியன் குடிபோதையில் தேறினான் என்பதெல்லாம் ரசமான சமாச்சாரம். ஆனால் வெளியாருக்கென்று அங்கே ஒதுக்கியிருப்பது ‘அந்நியர் பகுதி’. பெயரே போதும்.

ஒன்று சொல்ல வேண்டும்: கோலாரியன் திருத்திக்கொள்கிறது. அந்த உலகத்தின் இந்தியாவான வுத்ராவின் வாடை வீசும் ஜால்மரே தீவுக்கு 2022இல் நல்ல இடம் கிடைத்தது. 2024இல் கிழக்காசியச் சாயலுள்ள தியான் சியா கண்டத்துக்கு நூல் வந்தது. அதில் நம் கடல் பக்கத்தை நினைவூட்டும் மினாட்டா தீவுகளும் உண்டு.

எபெரான் 2002இல், டிஎஸ்ஆருக்குப் பிறகு ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் நடத்திய போட்டியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகளுக்கு நடுவே ஜெயித்தது, கீத் பேக்கருடையது. 2004, 2009, 2019 என்று மூன்று பதிப்பு வந்தும் கதை அந்த உலகக் கணக்கில் அதே 998ஆம் ஆண்டில்தான் தொடங்குகிறது. பிரளயம் கிடையாது. ஷார்னில் என் கேள்விகளுக்குப் பதிலும் உண்டு. அழிந்துபோன சைர் நாட்டு அகதிகள் ஹை வால்ஸ் என்ற பகுதியில் அடைபட்டிருக்கிறார்கள். நகரத்தின் அடித்தளம் கோப்ளின் என்ற பூத இனத்தின் பழைய பேரரசு போட்டது. அவர்கள் வாரிசுகள் இன்று கீழ் அடுக்கில் மேலியன்ஸ் கேட் என்ற பகுதியில். கடனுக்குக் குண்டராக் குலத்துக் குள்ளர்கள்.

இதில் எனக்கு உறுத்துவது அந்தக் குலங்கள்தான். வங்கி ஒரு குலத்துக்கு, வைத்தியம் ஒரு குலத்துக்கு, தபால் ஒரு குலத்துக்கு. உடம்பில் தோன்றும் டிராகன் குறி பரம்பரையாக வரும். இரண்டு குலம் கலந்தால் பிறக்கும் பிள்ளைக்குக் கோணல் குறி வரலாம், அப்படிப்பட்டவர்களை ஒரு காலத்தில் வேட்டையாடியிருக்கிறார்கள். இதைப் படிக்கும் தமிழனுக்கு விளக்கம் தேவையா? ஆனால் புத்தகங்கள் இவர்களைப் பெரும்பாலும் கம்பெனிகளைப் போலத்தான் நடத்துகின்றன: சின்னம், பதவி, கட்டணப் பட்டியல். பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார் கிட்டங்கி வட்டிக்குக் கொடுத்த காலத்திலேயே சீனர் அடகுக்கடையும் இருந்தது. ஷார்னில் அந்தப் போட்டிக்காரன் எங்கே?

இன்னொன்று மக்கள்தொகை. வானளாவிய கோபுரங்கள் நிறைந்த ஷார்னில் மொத்தம் இரண்டு லட்சம் பேர் சொச்சம். பினாங்குத் தீவிலேயே ஏழு லட்சத்துக்கு மேல் இருக்கிறோம், பயான் லெப்பாஸ் போகும் வழியில் சாயங்காலம் கார் நகராது.

என் ஓட்டு ஷார்னுக்கு. மக்கள்தொகையை ஐந்தால் பெருக்கிக்கொள்வேன். குறியில்லாமல் வட்டிக்கடை நடத்தும் ஒருவனைக் கீழ் அடுக்கில் உட்கார வைப்பேன், குண்டராக் ஆட்கள் அவன் கடையைத் தேடி வரட்டும். ரெல்ம்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற நம் திருடன் தம்பிக்கு 1987 பெட்டி பிடிஎஃப்பாகவே விற்கிறது. அதற்குப் பிறகு வந்த எதையும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை.