கதிர் பொறுக்கப் போய் அகராதியில் மாட்டிக்கொண்டேன்

மகள் ஆங்கில பைபிளில் ரூத்தின் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். "கிளீன்னா என்னப்பா?" என்று கேட்டாள். சுத்தம் என்றேன். "அது சி (clean), இது ஜி (glean)" என்று முறைத்தாள். சரி என்று தமிழ் பைபிளை எடுத்துப் பார்த்தால், இரண்டாம் அதிகாரத்தில் கதிர் பொறுக்குவது என்று பளிச்சென்று இருக்கிறது. அறுத்து முடித்த வயலில் அரிவாளுக்குத் தப்பிய கதிரையும் கீழே சிந்தியதையும் இல்லாதவர்கள் பொறுக்கிக்கொள்வது. என் அம்மாவும் சின்ன வயதில் முறத்தோடு போனவர்தான்.

ஆனால் அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வந்தது. காசு கட்டி வைத்திருக்கும் ஓர் அகராதிச் செயலியில் தேடினேன், 'தகவல் திரட்டு' என்று ஒரே வரி, வயலே இல்லை. அப்புறம்தான் ஆங்கிலச் சொற்களின் வேர் சொல்லும் எட்டிமாலஜி ஆன்லைன் (Etymonline) தளத்துக்குப் போனேன். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொடங்கியது, இலவசம், இடையிடையே விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக, பிற்கால லத்தீனிலிருந்து வந்ததாம். அதற்கு முன்னால்? தெரியவில்லை என்று நேராகவே போட்டிருக்கிறார்கள், எனக்குப் பிடித்ததே இதுதான். நம்மூரில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் உடனே ஒரு வேர் சொல்லிவிடுவார்கள். இன்றைய பிரான்ஸ் பக்கம் வாழ்ந்த பழைய கெல்டிக் மக்களான காலியர்களின் (Gauls) மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று ஓர் ஊகம் மட்டும் தருகிறார்கள், அதற்கு ஒப்பாகக் காட்டும் கெல்டிக் சொல் ஒன்றின் பொருள் என்ன தெரியுமா? 'சுத்தம்'! மகளிடம் காட்டினேன், அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொன்று, வயலில் பொறுக்குவது முதலில் வந்து தகவல் பொறுக்குவது பிறகு வந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? ஆங்கிலத்தில் எழுத்தில் முதலில் கிடைப்பது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொதுவாகச் சேர்ப்பது என்ற பொருள்தான். கதிர் அதே நூற்றாண்டின் பின்பகுதியில்தான் வருகிறது.

குறை என்றால், சொல்லின் கதை கிடைக்கும், வழக்கத்தின் கதை கிடைக்காது. 1788ல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, கதிர் பொறுக்குவது பொதுச் சட்டப்படி யாருக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னதை நான் வேறு இடத்தில்தான் படித்தேன். அப்புறம் இது ஆங்கிலத்துக்கு மட்டுமான அகராதி. நம் உஞ்சவிருத்திக்கு இப்படி ஒரு பக்கம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வடமொழியில் உஞ்சம் என்றால் சிந்திய தானியத்தை ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவது, மகாபாரதத்தில் பாதி உடம்பு பொன்னான கீரிப்பிள்ளை சொல்லும் கதையில் வரும் குருக்ஷேத்திரத்து ஏழைக் குடும்பம் அப்படித்தான் பிழைத்தது. திருவையாற்றில் தியாகராஜர் உஞ்சவிருத்தி எடுத்தார் என்னும்போது வயலே கிடையாது, தெருவில் பாடிக்கொண்டு போவார், வீட்டுக்காரர்கள் அரிசி போடுவார்கள். வயலிலிருந்து தெருவுக்கு எப்போது வந்தது என்று ஹார்ப்பர் மாதிரி ஒருவர் உட்கார்ந்து தேடினால் தேவலை.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குமேல் திறக்காதீர்கள், ஒன்றிலிருந்து ஒன்று என்று இழுத்துக்கொண்டே போகும். மகள் இப்போது 'ஹார்வெஸ்ட்' பக்கத்தில் இருக்கிறாள், அது முதலில் அறுவடையே இல்லையாம், இலையுதிர் காலத்துக்குப் பெயராம்.